கை மெலியும் முன்பே மாறிப்போனவர்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் ஒரு மீனவக் கிராமத்துக்காரர். வயது 54. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சொந்த வல்லம் (நாட்டுப்படகு) வைத்து, ஆட்களோடு தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தொழில் செய்தவர். மனைவி கருவாட்டு வியாபாரம். ஒரு மகன், இரண்டு மகள்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றிய விவரங்களை மாற்றவில்லை.

அவர் வந்தது வலது கைக்காக. ஐந்து மாதமாகப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிடி இல்லை. வலை பின்னும் ஊசி நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை. ஏற்கெனவே ஓரிடத்தில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை போட்டுவிட்டிருந்தார்கள். 54 வயதில் யார் கழுத்தை ஸ்கேன் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். ஆனால் அங்கே நரம்பு நசுங்கிக் கை மெலிந்தால், பெரும்பாலும் வலியோ மதமதப்போ கூடவே வரும். இவருக்கு இரண்டும் இல்லை. ஊசியால் குத்தினால் எல்லா விரலிலும் ஒரே மாதிரி உணர்ந்தார்.

உள்ளங்கையில் பெருவிரல் மேடு குழி விழுந்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து மேடு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இந்த இரண்டு மேடுகளுக்கும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் ஒரே மட்டத்திலிருந்துதான் வருகின்றன; ஒன்று தேய்ந்து மற்றொன்று தப்பியிருந்தால், தசையை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே போகும் இயக்க நரம்பணு நோயை நினைக்க வேண்டும். மேல்கையிலும் தொடையிலும் தோலுக்கடியில் தசை துடித்துக்கொண்டிருந்தது. மெலிந்த கையில் தசைநாண் அனிச்சை அடங்கிப்போயிருக்க வேண்டும். சுத்தியலால் தட்டியதும் இவர் கை துள்ளியது. நாக்கை வெளியே நீட்டச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு ஓரமும் துடித்தன. தசைக்குப் போகும் கீழ்மட்ட நரம்பணு, மூளையிலிருந்து அதற்குக் கட்டளை கொண்டுவரும் மேல்மட்ட நரம்பணு இரண்டும் கெட்டுப்போனதற்கான அடையாளம் ஒரே உடம்பில் இருந்தது. எம்.என்.டி. என்று பொதுவாகச் சொல்லப்படும் இயக்க நரம்பணு நோயின் முதன்மையான வகை, ஏ.எல்.எஸ்., இப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு பரிசோதனையும் நடந்தபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கை பிழைப்புக்கு ஆதாரமான ஒருவர், 'சரியாகுமா' என்றுகூடக் கேட்கவில்லை. மேசையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முடித்தார். மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மகன் அப்பாவை எக்ஸ்ரே பக்கம் அழைத்துப்போன பிறகு மனைவியைத் தனியே இருத்திப் பேசினேன். இந்த நோயாளியின் நோய் முழுவதுமாகப் புரிந்தது அந்தப் பேச்சில்தான். இதை எழுதுவதும் அதற்காகத்தான்: கை கால் மெலிந்து வரும் ஒருவரின் துணையைத் தனியே இருத்தி, 'ஆள் முன்போல இருக்கிறாரா' என்று முதல் நாளே கேட்பது, நரம்பியல் பரிசோதனையின் ஒரு பகுதி. சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைப் போல அதையும் தவறாமல் செய்ய வேண்டும்.

மனைவி சொன்னது

தேதி கேட்டால் யாருக்கும் வராது. மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்பா பின்பா, அவள் பிள்ளை பெற்றதற்கு முன்பா பின்பா என்று கேட்டுக்கொண்டே போனால் வரிசை தானாக விழும். அப்படிக் கணக்குப் பார்த்ததில், கை மெலியத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை வருடத்துக்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தது.

முதலில் தெரிந்தது அக்கறையின்மை. கரைக்கு வந்ததும் படகுப் பங்கு, ஆள் பங்கு என்று காசைப் பைசா பிசகாமல் பிரித்துக்கொடுப்பதில் பேர்பெற்றவர், 'நீங்களே எடுத்துக்கங்கப்பா' என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். மூத்த மகள் பிரசவத்துக்கு ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்க்கவில்லை. பேரன் முகம் பார்த்தும் தூக்கவில்லை. வயசாகிறது, அலுப்பு என்று வீட்டில் நினைத்தார்கள்.

அடுத்து அண்ணன் இறந்தார். இதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மா அழுதார்.

"கூடப் பெறந்த அண்ணன் சார். ரெண்டு பேரும் ஒரே வல்லத்துல தொழில் பார்த்தவுக. அங்க பிணம் கெடக்கு, இவுக டீக்கடையில உக்காந்து பன்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. ஆளனுப்பிக் கூட்டியாரச் சொன்னோம். சிரிச்சிக்கிட்டே வந்தாக. என் நாத்தனா என்னையத்தான் ஏசுனாக, நான் என்னமோ சொல்லிக் குடுத்திட்டேன்னு."

இனிப்பு அதன்பிறகு. கீழக்கரைத் தொதல் அந்த வட்டாரத்தில் பெருநாளைக்கும் விருந்தாளிக்கும் வாங்குவது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுவது. அதை நாள் தவறாமல் கால் கிலோ சாப்பிடத் தொடங்கினார். கடையில் ஆள் இல்லாவிட்டால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தானே எடுத்துக்கொண்டார், காசு கொடுக்கத் தோன்றவில்லை. டீயில் ஐந்து கரண்டி சர்க்கரை. இவ்வளவு தின்றும் ஏன் உடம்பு ஒட்டவில்லை என்பது அந்த அம்மாவுக்குப் பெரிய சந்தேகம். தசை கரையும் இந்த நோயில் உடல் எரிக்கும் ஆற்றல் பலருக்குக் கூடிவிடும் என்பதைப் பின்னர் விளக்கினேன்.

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் வந்தது. மடித்து வைத்த வலையைப் பிரித்து மறுபடி மடிப்பார். மாலை நான்கு மணிக்கு ஏலக்கூடத்துக்குப் போய்க் கரையில் நிற்கும் வல்லங்களை எண்ணிவிட்டு வருவார், மழையானாலும். கச்சான் காற்று கடுமையாக வீசும் ஆடி மாதத்தில், தென்கடலில் ஒருவரும் தொழிலுக்கு இறங்காத நாளில், தனியாக வல்லத்தைத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் மறித்துத் திருப்பினார்கள். புது இஞ்சினைப் பாதி விலைக்கும் கீழே ஒரு வெளியூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டார். மனைவியின் நகை அடகுக் கடையில் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்தப் பணம் என்னவாயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஏலக்கூடத்தில் மீன் வாங்க வந்த பெண்ணின் கையைப் பிடித்து, சொல்லக்கூடாத வார்த்தை சொல்லிவிட்டார். ஊர்க்கூட்டம் கூடி அபராதம் போட்டது. முப்பது வருடமாக அந்தக் கூட்டத்தில் அடுத்தவருக்கு நியாயம் சொன்னவர் அவர். அபராதத்தை மனைவி கருவாட்டுக் காசிலிருந்து கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் ஏலக்கூடத்துப் பக்கம் போகவில்லை.

குடி என்று ஊர் சொன்னது. அவர் குடித்ததே இல்லை. காத்துக்கருப்பு என்று உறவு சொன்னது. ஒரு தனியார் மருத்துவர் மனநோய் மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டு உடம்பு விறைத்து, நடை குறுகி, எச்சில் வழிய ஆரம்பித்தது. பிறகு ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய்ச் சில வாரம் தங்கினார்கள்.

ஏர்வாடியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. அதன்பிறகு தர்காவிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்கும்படி 'தவா-துவா' என்ற பெயரில் ஏற்பாடு வந்தது. சாதி மதம் பாராமல் இந்தக் கரை முழுக்க உள்ளவர்கள் போகிற இடம் அது. அங்கே போனதற்காக இந்தக் குடும்பத்தைக் குறை சொல்பவர்கள், அதற்கு முன் அவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று யோசிக்க வேண்டும். சொல்லப்போனால் ஏர்வாடியில் அவரைப் பார்த்த இளம் மனநல மருத்துவர்தான் அவர் கையைத் திருப்பிப் பார்த்து, 'இது நரம்பு, உடனே காட்டுங்கள்' என்று அனுப்பிவைத்தார்.

மீன் பெயரும் தீவு வரிசையும்

மகன் கேட்டது நியாயமான கேள்வி. "அப்பாவுக்கு மறதியே இல்லையே சார், என்னைக்குப் பிறை, எப்ப நீர் ஏறும், எல்லாம் சரியாச் சொல்றாரு. அப்புறம் எப்படி டிமென்ஷியா?"

அவர் எதிரிலேயே சோதித்துக் காட்டினேன். மண்டபத்திலிருந்து மேற்கே போனால் தீவுகள் எவை என்று கேட்டேன். மனோலி, முயல் தீவு, முள்ளி, வாலை, தலையாரி, அப்பா என்று நிறுத்தாமல் சொன்னார். எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மீன் பெயர் சொல்ல முடியுமோ சொல்லுங்கள் என்றேன். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். "சூடை, நகரை, பாறை..." நின்றது. "சூடை." கொஞ்ச நேரம் கழித்து, "சீலா. சூடை, சூடை." நிமிடம் முடிந்தது. மகன் முகம் வெளிறியது. சிறு பிள்ளையே அந்த ஊரில் இருபது பெயர் சொல்லும்.

தெரிந்த வழித்தடத்தில் போவதும், நடந்ததை நினைவில் வைப்பதும் மூளையின் ஒரு பகுதி வேலை. ஒன்றை முடித்து அடுத்ததைத் தானாகத் தேடி எடுப்பது, சொன்னதையே சொல்லாமல் தடுத்துக்கொள்வது, எது தகும் எது தகாது என்று நிறுத்திப் பார்ப்பது நெற்றிப் பகுதி மூளையின் வேலை. அல்சைமரில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் நினைவு. இவருக்கு அடிபட்டிருந்தது நெற்றி மடலும், காதுப்பக்கம் இருக்கும் பொட்டு மடலின் முன்பகுதியும். இதற்குப் பெயர் எஃப்.டி.டி., நெற்றி-பொட்டு மடல் டிமென்ஷியா. அதில் நடத்தை மாறும் வகை.

படிப்புக் குறைந்தவர்களிடம் எழுத்தைச் சொல்லி அதில் தொடங்கும் வார்த்தை கேட்பது நியாயமில்லை. அவரவர் தொழிலிலிருந்து கேட்க வேண்டும். மீனவரிடம் மீன், விவசாயியிடம் நெல், மளிகைக்காரரிடம் சரக்கு. கைமுட்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று மூன்று நிலையில் மாற்றித் தட்டும் சோதனையை மெலியாத இடது கையில் வைத்துச் செய்தேன். மூன்றாவது முறையே குழம்பினார். முகங்களின் படம் காட்டி யார் கோபமாக, யார் பயந்து இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு எல்லோரையும் 'சும்மா இருக்காக' என்றார்.

மனச்சோர்வா என்பதையும் பார்த்தாக வேண்டும். மனம் சோர்ந்தவர் தன்னைக் குற்றம் சொல்வார், தூக்கம் கெடும், வருத்தம் சொல்லக் கேட்கலாம். இவரிடம் வருத்தமே இல்லை. அதுவும் தவிர, ஏ.எல்.எஸ்.ஸில் சிலருக்குக் காரணமில்லாமல் அழுகையும் சிரிப்பும் பீறிடும். அது முகத்தசைகளை அடக்கும் நரம்புப் பாதை கெடுவதால் வருவது, மனநிலையோடு பொருந்தாது. அண்ணன் சாவில் இவர் சிரித்தது அந்த வகை அல்ல என்பது என் கருத்து. பீறிட்டு வரும் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பார்கள்; இவர் தவிக்கவில்லை. அண்ணன் போனது அவருக்குள் தைக்கவே இல்லை.

தசை மின்சோதனையில் கை, கால், நாக்கு மூன்றிலும் நரம்பிழப்பு தெரிந்தது. மூளை ஸ்கேனில் நெற்றி மடலும் பொட்டு மடல் முன்பகுதியும் சுருங்கியிருந்தன, வலப்பக்கம் அதிகம். பி12, தைராய்டு, கால்சியம், சிபிலிஸ், எச்.ஐ.வி. எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. தென்னிந்தியாவில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் எழுதிய 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்'. அது இளம் வயதில் வரும், காது கேளாமையும் முகத்தசைத் தளர்ச்சியும் சேர்ந்திருக்கும், மெதுவாகப் போகும். இவர் வயதும் வேகமும் அதற்குப் பொருந்தவில்லை.

ஒரே நோயின் இரண்டு முனைகள்

பாரிஸில் ஷார்கோ 1869-ல் ஏ.எல்.எஸ்.ஸை விவரித்தார். பிராகில் ஆர்னால்ட் பிக் 1892-ல் பொட்டு மடல் சுருங்கிப் பேச்சும் நடத்தையும் கெட்ட ஒருவரைப் பற்றி எழுதினார். நெடுங்காலம் இரண்டும் தனித்தனித் துறையாகவே இருந்தன. ஏ.எல்.எஸ். அறிவைத் தொடாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லின. 2006-ல், ஏ.எல்.எஸ். உள்ள பெரும்பாலோரிடமும் எஃப்.டி.டி. உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும் செத்துப்போகும் நரம்பணுக்களுக்குள் திரண்டு கிடப்பது டி.டி.பி-43 என்ற ஒரே புரதம் என்று கண்டுபிடித்தார்கள். உட்கருவுக்குள் இருந்து மரபணுச் செய்தியைத் திருத்தித் தர வேண்டிய புரதம், வெளியே வந்து கட்டியாகிவிடுகிறது. 2011-ல் சி9ஓ.ஆர்.எஃப்.72 என்ற மரபணுவில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவது இரண்டு நோய்க்குமே காரணமாகலாம் என்று தெரிந்தது. ஐரோப்பியரிடம் அது அதிகம்; ஆசியாவில் அந்த அளவுக்கு இல்லை.

இன்றைய கணக்கில், ஏ.எல்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் உண்டு. 10 முதல் 15 சதவீதம் பேருக்கு முழுமையான எஃப்.டி.டி.யே இருக்கும். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால், எஃப்.டி.டி.யில் தொடங்கியவர்களிலும் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குப் பின்னால் தசை மெலிவு வரும். ஆகவே நடத்தை மாறி வருகிறவரின் கையையும் நாக்கையும் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். கை மெலிந்து வருகிறவரின் நடத்தையை நரம்பு மருத்துவர் கேட்க வேண்டும்.

நடத்தை வகை எஃப்.டி.டி.க்கு 2011-ல் வகுத்த அளவுகோலில் ஆறு கூறுகள்: தடையின்மை (தகாததைச் சொல்லவும் செய்யவும் கூசாமை), அக்கறையின்மை, பிறர் துன்பம் உறைக்காமை, ஒரே செயலை விடாமல் செய்தல், உணவில் மாற்றம், நினைவு கெடாமல் இருக்கத் திட்டமிடும் திறன் மட்டும் குறைதல். மூன்று இருந்தாலே சந்தேகிக்கலாம். இவருக்கு ஆறும் இருந்தன.

நோயைச் சொன்னதும், செய்ததும்

அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார். "கை மட்டுந்தான் சார், மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அது மறைப்பு அல்ல. தன்னிடம் வந்த மாற்றத்தை அறியும் மூளைப் பகுதியே நோயில் இருக்கிறது. இந்த ஒன்றைக் குடும்பத்துக்குப் புரியவைத்தால் வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும். 'இப்படிச் செய்யலாமா' என்று அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. சூழலைத்தான் மாற்ற வேண்டும்.

முன்பு கொடுத்திருந்த மனநோய் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினேன், விறைப்பு குறைந்தது. அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் இதற்கு உதவாது, சிலருக்குப் பரபரப்பைக் கூட்டிவிடும், அதைத் தொடவில்லை. செர்ட்ராலின் கொடுத்ததில் இனிப்பு ஆவேசம் ஓரளவு தணிந்தது. ரிலுசோல் 50 மில்லிகிராம் இரண்டு வேளை. 1995 முதல் புழக்கத்தில் இருக்கும் அந்த மருந்து ஆயுளை இரண்டு மூன்று மாதம் நீட்டும். அந்த அளவைக் குடும்பத்திடம் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

மருந்தைவிட அதிகம் உதவியது ஊர். மனைவியும் மகனும் சம்மதித்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் இருவரை வரவழைத்து ஸ்கேன் படத்தைக் காட்டி, நெற்றிப் பகுதி சுருங்கியிருப்பதை விளக்கினேன். அவர்களில் ஒருவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். நோய் காரணம் என்பதால் அந்தப் பெண் பட்ட அவமானம் இல்லாமல் போய்விடாது. அதனால் அந்த வீட்டுக்குப் போனது முக்கியம். மிட்டாய்க் கடையிலும் டீக்கடையிலும் மகன் பேசிவைத்தான்: கேட்டால் ஒரு துண்டு கொடுங்கள், கணக்கை வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்றுப்போன இஞ்சினைப் பெரியவர்களே பேசி மீட்டார்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, வல்லத்தின் பதிவை மகன் பெயருக்கு மாற்றினார்கள். கையெழுத்துக்குப் பொருள் புரிகிற நிலை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததால்தான் இது நடந்தது. ஆறு மாதம் தள்ளியிருந்தால் நீதிமன்றம்வரை போயிருக்க வேண்டும்.

கடலுக்குப் போவதைத் தடுக்க வாக்குவாதம் செய்யவில்லை. எண்ணெய் டேங்கைக் கழற்றி வீட்டில் வைத்தார்கள். மாலை நான்கு மணிக்கு வல்லங்களை எண்ணப் போவதைத் தடுக்கவில்லை. ஒரு பேரப்பிள்ளை கூடவே போனான்.

சாப்பாடுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. விழுங்கும் தசை தளர்ந்தவர் வழக்கமாக மெதுவாக, பயந்து சாப்பிடுவார். இவருக்கு அந்தப் பயமே இல்லை. வாய் நிறைய அடைத்துக்கொள்வார். இரண்டு முறை புரையேறி நீலம் பாரித்தது. முள் மீனை நிறுத்தினோம். சுறாப்புட்டு மெதுவானது என்று மனைவி செய்து கொடுத்தார். உதிர் உதிராக இருப்பது தொண்டையில் சிதறி மூச்சுக்குழாயில் இறங்கும் என்று சொல்லி, குழைந்த சோற்றில் கெட்டிக் குழம்பும் மசித்த மீனும் பிசைந்து தரச் சொன்னோம். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பாதுகாப்பு. சிறிய கரண்டி, தட்டில் ஒரு தடவைக்கு நாலு வாய்ச் சோறு மட்டும், பானையைக் கண்ணில் படாமல் வைப்பது. இது மதுரையில் பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளர் சொல்லித்தந்தது.

மூச்சுக்கு இரவு முகமூடிக் கருவி வைத்தோம். விழுங்கும் தசை மிக மோசமாகாதவர்களுக்கு அது ரிலுசோலைவிடக் கூடுதலாக ஆயுளைத் தரும். ஆனால் எஃப்.டி.டி. சேர்ந்திருப்பவர்கள் முகமூடியையும், உணவு செலுத்த வயிற்றில் வைக்கும் குழாயையும் ஏற்காமல் போவது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அவர்கள் ஆயுளும் ஒரு வருட அளவுக்குக் குறைவாக இருந்தது. இவரும் முதல் வாரம் முழுக்கப் பிடுங்கி எறிந்தார். வழி கண்டுபிடித்தது மகன். பாம்பனிலிருந்து ஒலிக்கும் 'கடல் ஓசை' வானொலியை ராத்திரி ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கேட்பது அவருக்கு விடமுடியாத வழக்கமாகியிருந்தது. ரேடியோவைப் போட்டதும் முகமூடி, முகமூடி போட்டதும் ரேடியோ என்று சேர்த்துக் கட்டினான். பத்துப் பதினைந்து நாளில் அவரே ரேடியோ முன்னால் உட்கார்ந்து முகமூடியைச் சுட்டிக்காட்டத் தொடங்கினார். ஒரே செயலைப் பிடித்துக்கொள்ளும் அந்த நோய்க்குணமே சிகிச்சைக்குப் பிடியானது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

உணவு செலுத்தும் குழாய் பற்றி, மூச்சுக் கொள்ளளவு பாதிக்குக் குறையும் முன்பே முடிவெடுக்க வேண்டும். அவரால் அந்த முடிவை எடைபோட முடியவில்லை. மனைவி ஒன்றை நினைவுகூர்ந்தார்: கணவர், தன் தாயார் படுக்கையில் கிடந்தபோது மூக்குக் குழாயைப் பார்த்து, 'எனக்கு இப்படி வேண்டாம்' என்று பல முறை சொன்னாராம், நல்ல நினைவோடு இருந்த காலத்தில். அதை மதித்துக் குழாய் வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்தது. நானும் அதை ஏற்றேன். தெளிவு இருக்கும்போதே இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லி எழுதி வைத்திருந்தால் அந்த அம்மாவின் தலையில் இவ்வளவு பாரம் ஏறியிருக்காது.

அந்த அம்மா

பராமரிப்பவரின் சுமை நோயாளியின் கைகால் முடக்கத்தைவிட நடத்தை மாற்றத்தைப் பொறுத்தே கூடுகிறது என்று சிட்னியில் 2012-ல் ஆய்வு செய்து சொன்னார்கள். இந்தக் கரையில் அதை நான் கண்ணால் பார்த்தேன். குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது எதையும் அந்த அம்மா சுமையாகச் சொன்னதில்லை. ஒரு நாள் கேட்டார்: "என் மேல என்ன கோவம் சார் அவுகளுக்கு? முப்பது வருசமா ஒரு நாள்கூட 'சாப்பிட்டியா'ன்னு கேக்காம இருந்ததில்ல. இப்ப நான் காய்ச்சல்ல கெடந்தாலும் தாண்டிப் போறாக."

கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, கேட்க வேண்டும் என்று தூண்டுகிற இடம் உள்ளே தேய்ந்துவிட்டது என்று ஸ்கேனை வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். உயிரோடு இருப்பவருக்காக ஒருவர் துக்கம் காப்பதை உறவுக்காரர்கள் புரிந்துகொள்வதில்லை. விளங்காதவர்கள் 'ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே' என்பார்கள். நாத்தனாரையும் ஒருமுறை வரவழைத்து அதே ஸ்கேனைக் காட்டினேன். அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவர் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்ள, அந்த அம்மா கருவாட்டுக்குப் போனார். எந்த மாத்திரையும் அவருக்கு இவ்வளவு செய்திருக்காது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவரும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கு வந்தார்கள். நாட்பட்ட நரம்பியல் நிலைகள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். சான்றிதழ் வாங்கி மாத உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு விண்ணப்பித்தார்கள். கை மெலிவைக் காட்டி வாங்குவது எளிது. நடத்தை மாற்றத்தால் வேலை இழந்த காலத்துக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

பேச்சு முற்றிலும் நின்றது. பிறகு கால்களும். கடைசி மாதங்களில் உடம்பு அசையாததால் நடத்தைச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. வீடு ஓரளவு அமைதியாக இருந்தது. கை மெலியத் தொடங்கி 26-ஆம் மாதத்தில், மூச்சுத் தசைகள் தளர்ந்து, வீட்டிலேயே இறந்தார். மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் கொடுத்திருந்தோம்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. அவருடைய அத்தை ஒருவர் கடைசிக் காலத்தில் பேச்சு நின்று, கண்டதை எடுத்துத் தின்று திரிந்ததாக நாத்தனார்தான் பின்னர் சொன்னார். மரபு வழி இருக்கலாம் என்பதற்கு அது போதும். சி9ஓ.ஆர்.எஃப்.72 மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயாளியைச் சோதிக்காமல் பிள்ளைகளைச் சோதித்தால் விடை தெளிவாகாது என்பதால், அவர் இருக்கும்போதே இரத்தம் எடுத்து டி.என்.ஏ.வைப் பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் சேமித்து வைத்தோம், சோதனை செய்யவில்லை. மகனுக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. மூத்த மகள் முடிவு சொல்லவில்லை. இளைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 'பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்' என்கிறாள். ஒருவர் தெரிந்துகொண்டால் மற்ற இருவருக்கும் அது பாதி தெரிந்த மாதிரி. தை பிறந்ததும் மூவரும் அம்மாவோடு வந்து உட்கார்ந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.